டெல்டா-பி: அலுமாரிக்குள் புகுந்த அமுக்கம்

இரண்டு இடங்களுக்கிடையே அமுக்கம் எவ்வளவு கூடக்குறைய இருக்கிறது என்பதைச் சொல்லும் பொறியியல் வழக்கு டெல்டா-பி. ஆழ்நீரில் வேலை செய்யும் சுழியோடிகளிடம் இதே சொல் ஒரு ஆபத்தின் பெயராகவும் புழங்குகிறது. இந்த இரண்டாவது பொருள் தெரியாதவருக்கு, குச்சி மனிதர்களை வரைந்து அறிவியலை நக்கலடிக்கும் இணையச் சித்திரம் ஒன்று விளங்கவே விளங்காது. ஒரு அலுமாரி, அதைச் சுற்றிக் கடல், அலுமாரிக்கு அப்பால் பனி மூடிய ஒரு நாடு, அந்த நாட்டுக்குள் பீறிடும் தண்ணீர். தலைப்பு ‘டெல்டா-பி’. வேறு விளக்கம் கிடையாது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ சாதாரண தரம் படிக்கும் பிள்ளை ஒன்று இதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, “சேர், இதுல என்ன சிரிப்பு இருக்கு?” என்று கேட்டால் கதை, பௌதிகம், தமிழ் மூன்றையும் அவிழ்த்துத்தான் பதில் சொல்லவேண்டும்.

சித்திரத்துக்குப் பின்னால் இருக்கும் கதை, நார்னியா என்ற கற்பனை நாட்டைப் பற்றி சி. எஸ். லூயிஸ் ஆங்கிலத்தில் எழுதியது. நார்னியா வரிசையில் முதலாவதாக வெளிவந்த நூல், ஆண்டு 1950. போர்க்காலத்தில் லண்டனிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்ட நான்கு பிள்ளைகள், ஒரு பேராசிரியரின் பெரிய வீட்டில் தங்குகிறார்கள். அங்குள்ள உடுப்பு அலுமாரிக்குள் புகுந்தால் மேலங்கிகளுக்குப் பின்னால் பலகை தட்டுப்பட வேண்டிய இடத்தில் காலடியில் பனி மிதிபடுகிறது. அந்தப் பக்கம் நார்னியா. சூனியக்காரி ஒருத்தியின் ஆட்சியில் அங்கே எப்போதும் மாரிகாலம், ஆனால் நத்தார் மட்டும் வருவதே இல்லை. அந்தக் குளிரை முடித்துவைக்க ஒரு சிங்கமும் ஒரு தீர்க்கதரிசனமும் தேவைப்படுகின்றன.

சித்திரக்காரர் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டார். இரண்டு உலகங்களை இணைக்கும் திறப்பு ஒன்று உண்மையிலேயே இருக்குமென்றால் அதற்குள் பிள்ளைகள் மட்டுமா போவார்கள்? காற்றும் தண்ணீரும் போகுமே. அலுமாரியைக் கடலடியில் இறக்கிவிட்டால் சூனியக்காரியின் கதை அத்தோடு சரி. தீர்க்கதரிசனம் செய்யவேண்டிய வேலையைத் தண்ணீரின் அமுக்கமே செய்துவிடுகிறது. பகிடி அவ்வளவுதான்.

மலையகத்தில் இருந்துகொண்டு இதைப் போட்டுப் பார்க்கக் கடலுக்குப் போகத் தேவையில்லை. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கும் வருடங்களில் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றோடு வெளியே தெரியும், பார்க்க ஆட்கள் திரள்வார்கள். அந்தப் பழைய நகரத்து வீடொன்றில், 30 மீட்டர் ஆழத்தில், அந்த அலுமாரி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் அமுக்கம் கூடும். ஆக 30 மீட்டரில் 300. அலுமாரிக் கதவு 2 சதுர மீட்டர் என்றால் அதன்மேல் ஏறும் விசை சுமார் 60 தொன் பாரத்துக்குச் சமம். கதவு இல்லாமல் வெறும் திறப்பாக இருந்தால் தண்ணீர் வினாடிக்கு 24 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல், நார்னியாவுக்குள் பாயும்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அலுமாரிக் கதவு அறைப்பக்கமாகத் திறப்பது. வெளியிலிருந்து 60 தொன் அமுக்கிக்கொண்டிருக்கும்போது அதை இழுத்துத் திறக்க எந்தச் சுழியோடியாலும் முடியாது. ஒன்றில் கதவு உள்ளே நொறுங்கவேண்டும், இல்லாவிட்டால் திறந்தபடியே இறக்கவேண்டும். நூலிலேயே லூசி கதவை முழுவதும் சாத்தாமல்தான் உள்ளே போகிறாள். அலுமாரிக்குள் தன்னைத்தானே பூட்டிக்கொள்வது முட்டாள்தனம் என்று லூயிஸ் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லுவார். அந்த எச்சரிக்கையே இங்கே சூனியக்காரிக்கு வினையாகிறது.

இதைவிடப் பெரிய ஆட்சேபணை நேரம். லூசி நார்னியாவில் மணிக்கணக்காக இருந்துவிட்டுத் திரும்புகிறாள், வீட்டிலோ நேரமே ஓடவில்லை. பேச்சுக்கு இங்கே ஒரு வினாடி அங்கே ஒரு மணித்தியாலம் என்று எடுப்போம். திறப்பில் தண்ணீர் ஒடுங்கிப் பாய்வதைக் கழித்துவிட்டு, எங்கள் கணக்கில் வினாடிக்கு 30 கன மீட்டர் தண்ணீர் பாய்ந்தாலும், நார்னியாக்காரர் கணக்கில் வினாடிக்கு வருவது சுமார் 8 லீற்றர்தான். லயத்துப் பீலியில் விழும் அளவு! சூனியக்காரி வாளி வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். சித்திரக்காரர் இதை யோசிக்கவில்லையா, யோசித்தும் விட்டுவிட்டாரா தெரியாது. பகிடிக்கு இடைஞ்சல் என்று விட்டிருந்தால் அது சரியான முடிவு.

இனிச் சொல்லுக்கு வருவோம். டெல்டா கிரேக்க அரிச்சுவடியின் நான்காம் எழுத்து. பெரிய எழுத்தாக எழுதினால் முக்கோணம். கிரேக்கர் அதைப் பினீசியரிடமிருந்து எடுத்தார்கள். பினீசியரிடம் அதன் பெயர் ‘தாலெத்’, பொருள் கதவு. ஒரு மாயக்கதவைப் பற்றிய பகிடிக்குக் கதவு என்ற எழுத்தே தலைப்பில் வந்து நிற்பது தற்செயல்தான், ஆனாலும் நல்ல தற்செயல். நைல் ஆற்று முகத்துவாரம் முக்கோணமாக இருந்ததால் அதற்கும் டெல்டா என்ற பெயர் வந்தது. தமிழில் அதைக் கழிமுகம் என்கிறோம். கணிதத்தில் இந்த எழுத்து வேறுபாட்டைக் குறிக்கும். கணித மேதை ஒயிலர் 1755இல் வெளியிட்ட நுண்கணித நூலில் இதை அப்படித்தான் ஆள்கிறார். ‘பி’ என்பது அமுக்கத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அச்சொல்லின் வேர் ‘அமுக்கு’ என்று பொருள்படும் இலத்தீன் வினை.

அமுக்கத்தை அளக்கும் அலகுக்குப் பாஸ்கல் என்று பெயர் வைத்தது 1971இல். பெயருக்குரிய பாஸ்கல் பிரான்ஸ்காரர். 1648இல் அவருடைய மைத்துனர் பெரியே, பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி பாதரசக் குழாயோடு ஒரு மலையில் ஏறினார். உச்சியில் பாதரச மட்டம் அடிவாரத்தைவிடத் தாழ்ந்து நின்றது. மேலே போகப்போகக் காற்றின் அமுக்கம் குறைகிறது என்பதற்கு அதுவே கண்கண்ட சான்று. நமக்கு மைத்துனரும் வேண்டாம், பாதரசமும் வேண்டாம். நுவரெலியா பஸ் றம்பொடை ஏறும்போதே காது அடைக்கிறது. கொழும்பில் அடைத்த உருளைக்கிழங்குச் சிப்ஸ் பொதிகள் நுவரெலியாக் கடைகளில் ஊதிப்போய்க் கம்பியில் தொங்குகின்றன. சிலர் அதைப் பழுது என்று திருப்பிக் கொடுப்பதும் உண்டு. சாமானில் பிழையில்லை. பொதிக்குள் இருப்பது கடல்மட்டத்துக் காற்று, கிட்டத்தட்ட 101 கிலோபாஸ்கல். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் வெளியே இருப்பது 81. அந்த இருபதுதான் டெல்டா-பி. பொதி விரிய முடியாமல் இறுகி நின்றால் உள்ளங்கையளவு இடத்தில், 100 சதுர சென்டிமீட்டரில், 20 கிலோ பாரம் வைத்த மாதிரி உள்ளிருந்து தள்ளும். பேராசிரியரின் அலுமாரி நுவரெலியாவில் இருந்து, நார்னியா கடல்மட்டத்தில் இருந்திருந்தாலே போதும். தண்ணீர் இல்லாமலே 4 தொன் விசை கதவைப் பிய்த்திருக்கும். லூயிஸின் அலுமாரி ஒழுங்காகத் திறந்து மூடியது என்றால் இரண்டு உலகத்திலும் அமுக்கம் ஒன்றாக இருந்தது என்று அர்த்தம். கதை எழுதியவர் இதைச் சொல்லவில்லை, அவருக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

சுழியோடிகளின் பொருள் இதைவிடக் கொடியது. அணைக்கட்டின் மதகு, கப்பலின் நீர் உள்வாங்கும் துளை, கடலடிக் குழாயில் வெட்டிய பிளவு போன்றவற்றின் ஒரு பக்கம் ஆழ்நீர், மறுபக்கம் வெறுமை அல்லது குறைந்த அமுக்கம். பக்கத்தில் போகும்வரை எந்த அறிகுறியும் இருக்காது. தண்ணீர் கலங்காது, சத்தமும் வராது. கை அகப்பட்டால் அகப்பட்டதுதான். இரண்டு பக்கமும் சமமாகும்வரை விடாது. கடலடிக் குழாயொன்றில் வாள் வெட்டிய மெல்லிய இடுக்குக்குள் ஒரு நண்டு முழுதாக உள்வாங்கப்படும் காணொளி இணையத்தில் பலரும் பார்த்தது. கணப்பொழுதில் முடிந்துவிடும்.

“மதகுப் பக்கம் போகாத, தண்ணி இழுத்துரும்” என்று பெரியவர்கள் பிள்ளைகளை அதட்டுவது இதற்காகத்தான். புத்திமதி சரி, வினைச்சொல் மட்டும் பிழை. தண்ணீர் இழுப்பதில்லை. பின்னாலிருந்து தள்ளுகிறது. வெறுமைக்குக் கையும் இல்லை, கயிறும் இல்லை; கூடிய பக்கம்தான் குறைந்த பக்கத்தை நோக்கி அமுக்குகிறது. ஆகையால் ‘உறிஞ்சல்’, ‘இழுவை’ என்று டெல்டா-பியைத் தமிழாக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

தமிழ்நாட்டு நூல்களில் தேடினால் ‘அழுத்த வேறுபாடு’ கிடைக்கும். அங்கே அது முற்றிலும் சரி. அதை அப்படியே எடுத்து நம் பிள்ளைகளிடம் கொடுத்தால்தான் வில்லங்கம். இலங்கைப் பாடநூல்களில் அமுக்கம் ஒரு கணியம், அழுத்தம் இன்னொரு கணியம். அமுக்கம் நீருக்கும் காற்றுக்கும், அழுத்தம் மின்னுக்கு. ‘அழுத்த வித்தியாசம்’ என்றதும் இங்கே விஞ்ஞானம் படித்த பிள்ளையின் கை மின்சுற்று வரையத் தொடங்கிவிடும். அந்தச் சித்திரத்தின் தலைப்பை ‘அழுத்த வேறுபாடு’ என்று மொழிபெயர்த்தால், அலுமாரிக்குக் கரண்ட் பிடித்துவிட்டது என்று நினைக்கவும் இடமுண்டு.

இரண்டு சொல்லுமே பழைய வினைகளில் பிறந்தவை. அமுங்கு, அமுக்கு என்று ஒரு சோடி. அழுந்து, அழுத்து என்று இன்னொரு சோடி. எது உயர்வு, எது தாழ்வு என்ற பேச்சே இல்லை. இரண்டு கணியத்துக்கு இரண்டு சொல் வைத்துக்கொண்டது இலங்கை வழக்கின் வசதி, அவ்வளவுதான். வானொலிச் செய்தியில் ‘வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்’ என்றால் பாடசாலை நடக்குமா என்று பிள்ளைகள் காது கொடுப்பது இந்த அமுக்கத்தால்தான். தமிழ்நாட்டில் அதற்குக் ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்பார்கள். கிளினிக் அட்டையில் குருதி அமுக்கம், லயத்தில் பிரஷர். மன அழுத்தத்துக்கு மட்டும் இங்கேயும் அழுத்தம்தான், அதை மாற்ற யாரும் முயலவில்லை. பக்கத்து வகுப்பில் சிங்களத்தில் படிக்கும் பிள்ளைக்கு இது ‘பீடனய’. நம்முடைய ‘பீடை’க்கு உறவுக்காரச் சொல்.

வேடிக்கை என்னவென்றால், ஒரு அமுக்கத்தை ஒரு அழுத்தமாக மாற்றுவதே மலையகத்தின் பெரிய தொழில்களில் ஒன்று. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துச் சொன்ன யோசனை, 1950இல் லக்ஷபான மின்நிலையமாக இயங்கத் தொடங்கியது. நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து மலைச்சரிவுகளில் இறங்கும் பெரிய குழாய்களின் வேலை இதுதான். 400 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் சுமார் 40 வளிமண்டல அமுக்கம். அந்த அமுக்க வேறுபாடு சுழலியைச் சுற்ற, சுழலி மின்பிறப்பாக்கியைச் சுற்ற, கம்பியில் அழுத்த வித்தியாசம் பிறக்கிறது. இந்த வாக்கியத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டுப் பாருங்கள், எது எதுவாக மாறியது என்றே விளங்காது.

கதவுக்கும் இங்கே தனிச் சொல் இருக்கிறது. மழைக்காலம் வந்தால் ‘மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் வான்கதவு திறப்பு’ என்ற செய்தியைக் கேட்காத வீடு கிடையாது. சின்னப் பிள்ளைகள் அதை வானத்தின் கதவு என்றே எடுத்துக்கொள்வார்கள், அப்படி எடுத்தால் நார்னியாவைவிட நல்ல பெயர். உண்மையில் நீர்நிலை நிரம்பி மேலால் வழிவதை ‘வான் பாய்கிறது’ என்பது நம் வழக்கு, அதன் கதவு வான்கதவு. திறந்தால் ஆற்றங்கரையில் இருப்பவர்கள் ஓடவேண்டியதுதான்.

பரிந்துரைக்கு வருகிறேன். அளவைக் குறிக்கும் இடத்தில் ‘அமுக்க வேறுபாடு’ என்று எழுதலாம். பரீட்சை விடையில் ‘அமுக்க வித்தியாசம்’ என்றாலும் குற்றமில்லை. சமன்பாட்டுக்குள் முக்கோண எழுத்தே இருக்கட்டும், வாசிக்கும்போது ‘டெல்டா-பி’ என்று சொல்வதில் தமிழுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. சுழியோடியின் ஆபத்துக்கு இந்தச் சொற்கள் போதாது, வேறுபாடு என்ற சொல்லைக் கேட்டு யாரும் பயப்படமாட்டார்கள். கள்ளனை ‘அமுக்கிப் பிடித்தார்கள்’ என்று நாம் சொல்வதுண்டு. நித்திரையில் நெஞ்சில் ஏறி அசையவிடாமல் செய்வதற்கு ‘அமுக்குவான் பேய்’ என்று பெயருமுண்டு. அந்த வழியில் ‘அமுக்கப்பிடி’ என்பது என் யோசனை. மதகுப் பக்கம் நடும் பலகையில் ‘அபாயம்: அமுக்கப்பிடி’ என்று எழுதினால் படிக்காதவருக்கும் வாசித்துக் காட்டி விளக்கலாம். சித்திரத்தின் தலைப்புக்கும் இதையே போடுவேன்.