கடற்பஞ்சு யாரைக் கேலி செய்தது?

சென்ற மாதம் திருகோணமலையில் ஒரு சிறுவர் வினாடி வினாப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். கேள்வித்தாளில் ஒரு கேள்வி இப்படி இருந்தது: “ஸ்பொஞ்ச் பொப் என்ற உலகப் புகழ்பெற்ற கேலிச்சித்திரத்தை உருவாக்கிய தொலைக்காட்சிக் கேலிச்சித்திரக்காரர் யார்?” விடை ஸ்டீபன் ஹிலன்பேர்க். ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி மட்டும் கையைத் தூக்கினாள். விடை சொல்லத்தான் எழும்புகிறாள் என்று நினைத்தேன். “சேர், அவர் ஆரைக் கேலி செய்தவர்?” என்று கேட்டாள்.

மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. ஹிலன்பேர்க் 2018இல் இறந்தபோது தமிழில் வந்த ஒரு செய்தியிலும் ‘கேலிச்சித்திரக்காரர்’ என்றுதான் படித்தேன். பிறகு ஒரு வானொலி நிகழ்ச்சியில் அதே சொல், ஒரு சிறுவர் பக்கத்தில் அதே சொல். முப்பது வருடம் சித்திரம் படிப்பித்தவன் நான். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில், கேலிச்சித்திரம் என்று மொழிபெயர்க்கப்படும் ‘கார்ட்டூன்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இத்தாலிய மொழியில் ‘கார்த்தா’ என்றால் தாள், ‘கார்த்தோனே’ என்றால் தடித்த தாள். கடையில் சாமான் கட்டித் தரும் காட்போட் பெட்டியின் பெயரும் இதே வேரிலிருந்துதான் வருகிறது. சுவரோவியமோ திரைச்சீலையோ செய்வதற்கு முன்பு முழு அளவில் தடித்த தாளில் வரைந்துகொள்ளும் மாதிரிப் படத்துக்கு அங்கே இந்தப் பெயர் ஏற்பட்டது. ரஃபேல் 1515, 1516 வாக்கில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் திரைச்சீலைகளுக்காக வரைந்த கார்ட்டூன்களில் ஏழு இன்றும் லண்டனில் இருக்கின்றன. அவற்றில் கேலி ஒரு துளியும் இல்லை, எல்லாம் வேதாகமக் காட்சிகள்.

கேலி வந்து சேர்ந்தது 1843இல். லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் புதிய சுவர்களுக்கு ஓவியம் தீட்டுவதற்காக மாதிரிப் படங்களைப் பொதுமக்களுக்குக் காட்சிக்கு வைத்தார்கள். நாட்டில் பசியும் பட்டினியும் இருக்கும்போது இந்தச் செலவு எதற்கு என்று ‘பஞ்ச்’ பத்திரிகையில் ஜோன் லீச் ஒரு படம் வரைந்தார். கிழிந்த உடுப்போடு ஏழைகள் அந்தக் கண்காட்சியைப் பார்த்து நிற்கும் படம். அதற்கு ‘கார்ட்டூன் எண் 1’ என்று தலைப்புப் போட்டார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இன்னும் போகவில்லை. பிறகு அசையும் படத்துக்கும் அதே பெயர் போனதற்குக் காரணம், அதை முதலில் செய்தவர்களும் பத்திரிகைக்காரர்களே என்பதுதான். 1908இல் ‘ஃபான்டஸ்மகோரி’யை வரைந்த எமில் கோல் பாரிஸில் கேலிச்சித்திரம் வரைந்தவர். 1914இல் ஒரு டைனோசரைத் திரையில் நடக்கவைத்த வின்சர் மக்கே நாளிதழில் சித்திரக்கதை வரைந்தவர். கை ஒன்றே என்பதால் பெயரும் கூடவே போயிற்று. கோபமும் கிண்டலும் மட்டும் கூடவே போகவில்லை.

இதில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஆங்கில அகராதியைத் திறந்தால் கார்ட்டூனுக்கு நேரே முதலாவதாகக் கேலிச்சித்திரம் இருக்கும். அதை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுகிறார்கள். ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் இருந்தால் தமிழில் மூன்று சொல் வேண்டும் என்ற எண்ணமே வருவதில்லை.

கேலிச்சித்திரம் நல்ல சொல், அதை நான் குறை சொல்லவில்லை. சவாரித் தம்பர் என்ற பாத்திரத்தை வரைந்த, ‘சிரித்திரன்’ நகைச்சுவை இதழின் ஆசிரியர் சிவஞானசுந்தரத்துக்கு, அதாவது சுந்தருக்கு, அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தும். அவர் நம் சமூகத்தின் போலித்தனத்தைப் பிடித்து உலுக்கியவர், படத்தைப் பார்த்ததும் யாரைச் சொல்கிறார் என்று நமக்கு விளங்கும். பத்திரிகையின் அரசியல் படத்துக்கு இந்தச் சொல் சரி. தமிழ்நாட்டில் அதைக் கருத்துப்படம் என்பார்கள், இங்கே சிலர் கருத்தோவியம் என்பார்கள், அவையும் சரி. மூக்கை நீட்டிக் காதைப் பெருப்பித்து ஒருவரின் முகத்தை வரைவதற்கும் கேலிச்சித்திரம் என்கிறோம். ஏற்கெனவே இரண்டு சுமை தூக்கும் சொல் அது.

ஹிலன்பேர்க் என்ன செய்தார் என்று பாருங்கள். 1961இல் ஒக்லஹோமாவில் பிறந்தவர், கடலில் பைத்தியம். பல்கலைக்கழகத்தில் இயற்கை வளமும் கடல் வளமும் படித்து 1984இல் பட்டம் பெற்றார். பிறகு கலிபோர்னியாவில் ஒரு கடல்சார் நிறுவனத்தில் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிப் படிப்பித்தார். வற்றுக்கும் பெருக்குக்கும் இடைப்பட்ட கரையில் வாழும் உயிரினங்களைப் பற்றி அங்கே வரும் பிள்ளைகளுக்காக ஒரு சித்திரக்கதைப் புத்தகம் வரைந்தார். அதில் கதை சொல்லியாக வந்தது ஒரு கடற்பஞ்சு. பிறகு வேலையை விட்டுவிட்டுக் கலைக் கல்லூரிக்குப் போய், 1992இல் அங்கே முதுகலை முடித்தார். வேறொருவரின் தொலைக்காட்சித் தொடரில் சில வருடம் வேலை பார்த்தார். 1999 மே 1 அன்று அவருடைய கடற்பஞ்சு, ஸ்பொஞ்ச் பொப் என்ற பெயரில் தொலைக்காட்சிக்கு வந்தது. நரம்பு இயக்க நோய் கண்டு, 2018 நவம்பர் 26 அன்று 57 வயதில் போய்விட்டார். தொடர் இன்னும் ஓடுகிறது.

முதலில் அவர் வரைந்த கடற்பஞ்சுக்கு ஒழுங்கான உருவமே கிடையாது, உண்மையான கடற்பஞ்சு மாதிரி. சட்டி கழுவும் பஞ்சு போலச் சதுரமாக்கியது பிறகுதான். நிலாவெளிக்கு அப்பால் புறாமலைப் பக்கம் சுழியோடுகிறவர்கள் நான் சொல்வதைக் கேட்டால் தலையாட்டுவார்கள், கடலுக்கடியில் கடற்பஞ்சு சதுரமாக வளர்வதில்லை. கடலைத் தெரிந்த ஒருவர் பிள்ளைகளுக்காகத் தெரிந்தே செய்த மாற்றம் அது. இந்த மனிதர் யாரையும் கேலி செய்யவில்லை. கடலில் எவரும் ஏறெடுத்துப் பார்க்காத ஓர் உயிரை எடுத்துப் பிள்ளைகளுக்குச் சிநேகிதனாக்கினார். அவரைப் போய்க் கேலிச்சித்திரக்காரர் என்பது அவருக்கும் பொருந்தாது, சுந்தருக்கும் மரியாதை இல்லை.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் விடவில்லை. “கேலி என்றால் வடமொழியில் விளையாட்டு. விளையாட்டுச் சித்திரம் என்று எடுத்துக்கொள்ளுங்களேன்” என்றார். வேரைப் பற்றி அவர் சொன்னது உண்மை. ஆனால் சொல் வேரில் வாழ்வதில்லை, வாயில் வாழ்கிறது. “கேலி செய்யாதே” என்று தாய் பிள்ளையை அதட்டும்போது விளையாடாதே என்றா சொல்கிறாள்? நாற்றம் என்றால் ஒரு காலத்தில் நறுமணம். அதற்காக இன்றைக்குப் பூக்கடைக்காரரிடம் “உங்கள் மாலை நல்ல நாற்றம்” என்று சொல்லிப் பாருங்கள். முன்வரிசைச் சிறுமி வடமொழி படிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழில் அவள் கேட்டாள், அந்தத் தமிழுக்குத்தான் நாம் எழுதுகிறோம்.

சரி, கேலிச்சித்திரம் வேண்டாம் என்றால் வேறு என்ன? ‘அனிமேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘அசைவூட்டம்’ என்று இன்னொரு கூட்டம் தயாராக நிற்கிறது. கணினிப் பாடத்திலும் இணையத்திலும் இது நன்றாகவே பரவிவிட்டது. எனக்கு இதோடு பெரிய பிணக்கு உண்டு.

ஒன்று, காது. வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னபோது ஒரு பையன் மச்சச் சாப்பாடு என்று விளங்கிக்கொண்டான். அசைவம், ஊட்டம் என்று பிரித்திருக்கிறான். எழுத்தில் பார்த்தால் அப்படி இல்லைத்தான், காதில் அப்படித்தான் விழுகிறது.

இரண்டாவதுதான் முக்கியம். அசைவு என்பது மிகச் சிறிய சங்கதி. காற்றடித்தால் பனையோலை அசையும், நங்கூரம் போட்ட வள்ளம் அசையும். டச்சுக்குடாவில் மாலையில் போய் உட்கார்ந்தால் அசையாத பொருளைத் தேடத்தான் வேண்டும். ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் ‘அனிமா’, அதாவது மூச்சு, உயிர். அசைவைப் பற்றி அந்தச் சொல் ஒன்றுமே சொல்லவில்லை.

வேறுபாட்டை நான் பிள்ளைகளுக்குக் கொப்பியின் மூலையில்தான் காட்டுவேன். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு நண்டு வரையச் சொல்வேன், கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்த்தி. பெருவிரலால் தாள்களைத் தட்டிவிட்டால் நண்டு ஓடும். முதல் தடவை எல்லாரும் நண்டை அப்படியே நகர்த்தி நகர்த்தி வரைவார்கள். அது ஓடும், ஆனால் தள்ளுவண்டி மாதிரி ஓடும். பிறகு ஒன்று சொல்லிக்கொடுப்பேன்: ஓடுவதற்கு முன்னால் இரண்டு தாளில் நண்டைக் கொஞ்சம் பதுங்கவையுங்கள், கண்ணை மேலே தூக்குங்கள். அவ்வளவுதான். அந்த இரண்டு தாளில் நண்டு தன் இடத்தை விட்டு ஒரு நூல்கூட நகர்வதில்லை. ஆனால் அதைப் பார்த்ததும் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள், ஏனென்றால் நண்டு யோசிக்கிறது. முதல் நண்டிடம் அசைவு இருந்தது, இரண்டாவது நண்டுக்கு உயிர் வந்துவிட்டது.

இதைச் சொல்லத் தமிழைவிடப் பொருத்தமான மொழி இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். மெய் தானாக இயங்காது, உயிர் சேர்ந்தால்தான் இயங்கும் என்பது நம் எழுத்திலக்கணத்தின் அடிப்படை. “மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்” என்கிறது தொல்காப்பியம். உயிர் வந்தால் இயக்கம் தானாக வரும் என்று இரண்டாயிரம் வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற மொழியில், உயிரை விட்டுவிட்டு அசைவைப் பிடித்துக்கொள்வது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. ஆகவே அந்தத் தொழிலுக்கு, அந்தச் செய்கைக்கு, உயிரூட்டல் என்பதே என் சொல். ‘இயங்குபடம்’ என்பவர்களும் உண்டு. ஆனால் எல்லாச் சினிமாவும் இயங்கும் படம்தானே? நடிகர் நடித்த படத்திலிருந்து வரைந்த படத்தை அது எப்படிப் பிரித்துக்காட்டும்?

வரைந்தது என்பதுதான் விஷயம். வரைந்த படத்தில் வழக்கமாக ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும். ஒரு வரைபடத்தை இரண்டு சட்டத்துக்கு நிறுத்தினாலும் விநாடிக்கு 12 படம் வேண்டும். ஹிலன்பேர்க்கின் கதை ஒன்று ஏறத்தாழ 11 நிமிடம். ஒரே ஒரு பாத்திரம் முழுநேரமும் நடமாடுகிறது என்று வைத்துக் கணக்குப் பாருங்கள், 7,920 படம். அந்தத் தொடரில் பேய்க்கணவாய் (ஒக்டோபஸ்) ஒன்று வருகிறது. அதற்கு எட்டுக் கை இருக்க வேண்டும், ஆறுதான் வரைந்திருக்கிறார்கள். எட்டும் வரைந்தால் பார்வைக்குப் பாரமாக இருக்கும் என்று ஹிலன்பேர்க்கே குறைத்துவிட்டார். கடல் படித்தவருக்கு எண்ணத் தெரியாமல் இல்லை, வரைகிறவனின் கை எடுத்த முடிவு அது. இந்தக் கையைக் காட்டுகிற சொல் வேண்டும்.

அந்தச் சொல் நம்மிடமே இருக்கிறது: சித்திரப்படம். இலங்கையில் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கும் பாடத்தின் பெயரே சித்திரம். அச்சில் வந்தால் சித்திரக்கதை என்று எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டோம். திரையில் ஓடினால் சித்திரப்படம். வாரா வாரம் வந்தால் சித்திரப்படத் தொடர். செய்கிறவர் சித்திரப்படக் கலைஞர். விளக்கக் குறிப்புத் தேவையில்லை, அகராதி தேவையில்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அடுத்த நொடி தலையாட்டும்.

சித்திரம் வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் ஓவியப்படம் என்று சொல்லட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. “சித்திரமும் கைப்பழக்கம்” என்று ஔவையார் பெயரில் வழங்கும் வெண்பாவே பாடுகிறது, ஆகையால் எனக்குச் சித்திரமும் தமிழ்தான். தூய்மையா தெளிவா என்று கேட்டால் பிள்ளைகளுக்கு எழுதும் இடத்தில் நான் தெளிவின் பக்கம் நிற்பேன். சின்னதுகள் வீட்டில் ‘காட்டூன்’ என்று சொன்னால் சொல்லட்டும். அது கேலிச்சித்திரத்தைவிட ஆயிரம் மடங்கு மேல், பொய் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். பொருளைப் பாருங்கள், பிறகு சொல்லைத் தேடுங்கள். இப்போது நடப்பது தலைகீழாக இருக்கிறது. அந்தத் தொடரை ஒரு தடவை ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் கேலிச்சித்திரம் என்று எழுதக் கை வந்திருக்காது. கடற்பஞ்சைத் தலையணைப் பஞ்சாக்கி எழுதியதையும் பார்த்திருக்கிறேன். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள், மீன்பிடிக்கிற ஒருவரைக் கேட்டிருந்தால் சொல்லித் தந்திருப்பார். எங்கள் கரையில் பெயர் இல்லாத நண்டும் இல்லை, பெயர் இல்லாத கணவாயும் இல்லை. அந்தச் செல்வத்தை வைத்துக்கொண்டு, ஒரு கடல் ஆசிரியரின் கதையைத் தமிழில் சொல்லத் தெரியாமல் நிற்கிறோம்.

போட்டி முடிந்ததும் கேள்வித்தாளை வாங்கி அந்தக் கேள்வியை வெட்டிவிட்டு மேலே எழுதிக் கொடுத்தேன்: “கடற்பஞ்சு ஒன்றைக் கதாநாயகனாக்கிச் சித்திரப்படத் தொடர் செய்த, முன்பு கடல் பற்றிப் படிப்பித்த தொலைக்காட்சிச் சித்திரப்படக் கலைஞர் யார்?” ஏற்பாட்டாளர் வாசித்துப் பார்த்துவிட்டு, கேள்வி கொஞ்சம் நீண்டுவிட்டதே என்றார். நீளட்டும் தம்பி என்றேன்.