ஈர்ப்பு மோட்டாரா, இழுவை மோட்டாரா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வெளியே ஒரு பழைய ரயில் கண்காட்சி இருக்கிறது. அங்கே மாட்டியிருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் கீழே தமிழிலும் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: "இன்ஜினின் சக்கரங்களையும் ஈர்ப்பு மோட்டார்களையும் கோட்டின் மேல் பதிலீடு செய்யும் பணியாளர்கள்." முதல்முறை பார்த்தபோது, தமிழ் என்று ஒன்று இருப்பது யாருக்கோ நினைவிருக்கிறதே என்று மகிழ்ந்து, பிழையைப் பொருட்படுத்தாமல் வந்துவிட்டேன். பிறகு அதே வரியை ஒரு துண்டறிக்கையில் பார்த்தேன். சென்ற மாதம், நான் சனிக்கிழமைதோறும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நடத்தும் தமிழ் வகுப்பில் ஒரு சிறுமி அதைத் தன் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டு வந்து, "ஐயா, இந்த மோட்டார் எதை ஈர்க்கும்?" என்று கேட்டாள். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் அது 'ட்ராக்ஷன் மோட்டார்'. அந்தச் சொல்லின் பிறப்பை முதலில் முடித்துவிடுகிறேன். ட்ராக்ஷன் என்பது இழுத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. டிராக்டரும் அதே வேரில் கிளைத்ததுதான். கால் எலும்பு முறிந்தவருக்கு எடை கட்டித் தொங்கவிடுவதற்கும் மருத்துவமனையில் இதே பெயர். ரயிலுக்கு இந்தச் சொல் வந்த வழி எளியது. முதலில் வண்டியைக் குதிரை இழுத்தது, பிறகு நீராவி இழுத்தது, பிறகு மின்சாரம் இழுத்தது. டர்பன் தெருக்களில் குதிரை ட்ராம் ஓடிய தடத்தில் 1902இல் மின்சார ட்ராம் வந்தது. குதிரை போய்விட்டது, குதிரை செய்த வேலையின் பெயர் மட்டும் தங்கிவிட்டது. ரயிலையோ ட்ராமையோ நகர்த்துவதற்கென்றே சக்கரங்களுக்கு நடுவே பொருத்தப்படும் மோட்டார்தான் ட்ராக்ஷன் மோட்டார். இன்ஜினில் காற்றடிக்கவும் குளிரூட்டவும் வேறு மோட்டார்கள் இருப்பதால், அவற்றிலிருந்து இதைப் பிரித்துச் சொல்ல ஒரு அடைமொழி வேண்டியிருந்தது.

இப்போது ஈர்ப்புக்கு வருவோம். அந்த வரியை எழுதியவர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பழந்தமிழில் ஈர்த்தல் என்றால் இழுத்தல்தான். ஆற்று வெள்ளம் மரத்தை ஈர்த்துச் செல்லும். அகராதியைத் திறந்தால் ஈர்ப்பு, இழுப்பு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டில் எது 'இலக்கியமாக' ஒலிக்கிறதோ அதை எடுத்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர்களின் பழைய வியாதி இது. சமையலறையில் புழங்கும் சொல்லைத் தொட்டால் கை அழுக்காகிவிடும் என்று நினைக்கிறார்கள்.

ஆனால் இன்றைக்கு ஈர்ப்பு என்றால் யாருக்கு என்ன தோன்றுகிறது? புவியீர்ப்பு, காந்த ஈர்ப்பு, கண்ணைக் கவரும் ஈர்ப்பு. தொடாமல், தொலைவிலிருந்து தன்பால் வரவழைப்பதுதான் இன்றைய ஈர்ப்பு. வண்டிமாடு வண்டியை ஈர்க்கிறது என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். காங்கேயம் காளையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் 'இழுவைத் திறன்' என்றுதான் எழுதுகிறார்கள். அந்தக் காளையின் ஈர்ப்புத் திறன் என்று எழுதினால், சந்தையில் அதன் அழகைச் சொல்வதாகத்தான் படிப்பவர் நினைப்பார்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. மின் மோட்டாருக்குள்ளே உண்மையாகவே காந்தம் வேலை செய்கிறது. காந்தப் புலத்தின் ஈர்ப்பும் விலக்கலும்தான் அதன் உள்ளுருளையைச் சுழற்றுகின்றன. ஆகவே 'ஈர்ப்பு மோட்டார்' என்று படிக்கும் மாணவர், காந்த ஈர்ப்பால் ஓடும் தனி வகை மோட்டார் இது என்று முடிவு செய்வார். அது மின்விசிறி மோட்டாருக்கும் பொருந்துமே! வேறு எங்காவது ஈர்ப்பு என்று எழுதியிருந்தால் வெறும் பிழை என்று விட்டிருப்பேன். இங்கே அது உண்மையைப் போலவே தோன்றும் பிழை. வகுப்பில் அந்தச் சிறுமிக்கு இதைப் பிரித்துச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது.

இழுவைக்கு எதிராகவும் ஒருவர் என்னிடம் வாதாடினார். மோட்டார் அச்சைச் சுழற்றுகிறதே தவிர எதையும் இழுக்கவில்லையே, இழுவை எப்படிப் பொருந்தும் என்றார். பழனிக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். போயிருக்கிறார், இங்கிருந்து காவடி எடுக்கிறவர்களில் பலர் ஒருமுறையாவது போய்விடுகிறார்கள். அங்கே மலையேற்றும் விஞ்சுக்கு 'இழுவை ரயில்' என்று பெயர். அங்கும் மோட்டார் சுழலத்தான் செய்கிறது, கம்பிவடம் இழுக்கிறது, பெட்டி ஏறுகிறது. நம் இன்ஜினில் கம்பிவடத்தின் வேலையைச் சக்கரமும் தண்டவாளமும் சேர்ந்து செய்கின்றன. சுழற்சி எதற்காக என்பதைத்தான் பெயர் சொல்ல வேண்டும். 'பிடிப்பு மோட்டார்' என்று இன்னொருவர் சொன்னார். பிடிப்பு என்பது சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள உறவு. மழையில் அது குறையும்போது மணலைத் தூவுவார்கள். அதை மோட்டார் தருவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று உண்டு, அதையும் நானே கைவிட வேண்டியிருக்கிறது. அது என் அப்பாவின் சொல்.

அப்பா நேட்டால் பிரதான ரயில் பாதையில் பழுதுநீக்கும் குழுவில் கூலியாக இருந்தார். ஓட்டுநர், ஃபிட்டர் வேலையெல்லாம் அப்போது வெள்ளையருக்கு மட்டும். தூக்குவதும் தள்ளுவதும் விளக்குப் பிடிப்பதும் மற்றவர்களுக்கு. க்ளென்கோவிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை 1920களிலேயே மின்மயமான பாதை அது. தலைக்கு மேலே 3,000 வோல்ட் கம்பி ஓடும். அதில் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைத் தரையோடு இணைத்த பிறகுதான் கிரேனின் கை உயரும் என்பார். பணிமனை என்றால் தண்டவாளத்துக்கு அடியில் பள்ளம் இருக்கும், சக்கரத்தையும் மோட்டாரையும் அப்படியே கீழே இறக்கிவிடலாம். நடுவழியில் பள்ளம் ஏது? இன்ஜினின் ஒரு முனையையே தூக்க வேண்டும்.

மோட்டாரின் ஒரு பக்கம் அச்சின் மேல் தாங்கிகளோடு உட்கார்ந்திருக்கும். மறுபக்கம் ஒரு மூக்கு நீட்டிச் சட்டத்தில் தொங்கும். அந்த மூக்கைக் கழற்றியதும் மோட்டார் குப்புற விழப் பார்க்கும். அதனால் முதலிலேயே அடியில் கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். அப்பாவின் வேலை அந்தக் கட்டைகள். ஒரு கட்டை வழுக்கினால் போதும், பல டன் இரும்பு. பல்சக்கரம் உடைந்து இறுகிப்போன மோட்டார் என்றால், சக்கரம் சுற்றாமல் தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். சிறிய பல்சக்கரத்தை வாயு நெருப்பால் அறுத்தெடுத்த பிறகுதான் சக்கரம் விடுபடும். இதையெல்லாம் சொல்லும்போது அப்பா ட்ராக்ஷன் என்ற சொல்லை ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. 'அச்சு மோட்டார்' என்பார். எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அதுவே பெயர்.

அச்சு என்ன சாதாரணச் சொல்லா? மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்று வள்ளுவர் எடுத்தாண்ட சொல். அது வடமொழி, இருசு என்றே எழுத வேண்டும் என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. இருசு நல்ல சொல்தான். ஆனால் குறளில் இருப்பதைக் கழித்துவிட்டு நாம் எங்கே போய் நிற்பது? இருந்தும் அப்பாவின் சொல் அச்சில் ஏறாது. இந்த வாக்கியத்திலேயே பாருங்கள், அச்சு என்றதும் அச்சகம் வந்துவிட்டது. அச்சு மோட்டார் என்றால் அச்சகத்து மோட்டார் என்று படிப்பார்கள். அச்சைவிட்டு விலகி, முழுவதும் சட்டத்திலேயே மோட்டாரைப் பொருத்திய இன்ஜின்களும் இருக்கின்றன. ஆகவே இழுவை மோட்டார். இழுவை என்பது விமானத்தைப் பின்னிழுக்கும் காற்றுத் தடைக்கும் பெயராயிற்றே என்றால், மோட்டார் என்ற சொல் பக்கத்தில் நிற்கும்போது யாரும் குழம்பப் போவதில்லை.

அந்த வரியில் மற்றவையும் லேசுப்பட்டவை அல்ல. 'கோட்டின் மேல்' என்றால் என்ன? நோட்டுப் புத்தகத்தில் போட்ட கோடா? 'நடுவழியில்' என்று எத்தனை அழகான சொல் நம்மிடம் இருக்கிறது! பணிமனைக்கு வந்து சேராமல் பாதையிலேயே நின்றுவிட்டது என்ற முழுக் கதையும் அதற்குள் இருக்கிறது. 'பதிலீடு' பொருளாதாரக் கட்டுரைக்குப் போகட்டும். சக்கரத்தை மாற்றுகிறோம், அவ்வளவுதான். அதே துண்டறிக்கையில் 'போகி' என்று ஒரு சொல்லும் வருகிறது. தமிழ்ப் பத்திரிகைகளில் போகி என்றால் ஒரு முழுப் பெட்டி. ரயில்வேக்காரர்களுக்கோ அது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம் மட்டுமே. "இன்ஜினில் இரண்டு போகிகள் உள்ளன" என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டுப் பயணிகள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டான் ஒரு பையன். சக்கரச் சட்டம் என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

1860 ஜூன் மாதம் டர்பனில் முதல் ரயில் ஓடியது. அதே ஆண்டு நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் இந்தியர்களோடு மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து நின்றது. தண்டவாளமும் தமிழும் இந்த ஊருக்கு ஒரே ஆண்டில் வந்தவை. தண்டவாளத்தோடு இத்தனை தலைமுறை புரண்ட மக்களின் வேலையைச் சொல்ல, அவர்களில் ஒருவரையாவது கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

கண்காட்சிக்காரர்களுக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். மரியாதையாகப் பதில் போட்டார்கள், திருத்திவிட்டோம் என்றும் சொன்னார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மோட்டார் தமிழ்ச் சொல் அல்ல என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். புதிய பலகையில் 'ஈர்ப்பு மின்னோடி' என்று இருக்கிறது.