கால் சூடு, கை நடுக்கம்

தங்கச்சிக்குச் சித்திரை மாதத்தில் சீசர், வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுக்கும் சத்திரசிகிச்சை. வெளியே யாழ்ப்பாணத்து வெய்யில் தார் றோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. தியேட்டரில் இருந்து வாட்டுக்குக் கொண்டுவந்தபோது அவளுக்குப் பல் கிடுகிடுத்தது. தோளும் கையும் தூக்கித் தூக்கிப் போட்டன. அம்மா ஓடிப்போய்ப் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போனார். "கால் நல்ல சூடாத்தானே கிடக்கு, பிறகேன் பிள்ளை இப்பிடி நடுங்குது?"

அம்மா தொட்ட அந்தச் சூட்டிலேதான் விடை இருக்கிறது.

மூளை, நெஞ்சு, வயிறு எல்லாம் ஏறத்தாழ 37 பாகை செல்சியசில் இருக்கும். கை கால்கள் அதைவிடச் சில பாகை குறைவு. தோலை ஒட்டிய சிறு இரத்தக் குழாய்களை நரம்புகள் இறுக்கி வைத்திருப்பதால் சூடு உள்ளேயே தங்குகிறது. சீசருக்கு முதுகில் போடும் விறைப்பு ஊசி வலியை மட்டும் நிறுத்துவதில்லை, இந்த நரம்புகளையும் அடக்கிவிடுகிறது. குழாய்கள் விரிய, சூடான இரத்தம் கால்களுக்குப் பாய்கிறது. தோட்டத்தில் தண்ணீர் மாறியவர்களுக்கு இது லேசாக விளங்கும். எல்லா மடையையும் ஒரேயடியாகத் திறந்தால் காய்ந்த பாத்திகள் உறிஞ்ச, வாய்க்காலில் மட்டம் இறங்கிவிடும். முதல் ஒரு மணித்தியாலத்தில் உள்வெப்பம் விழுவதற்கு இதுதான் பெரிய காரணம். ஏசிக் குளிரும், வயிற்றில் பூசும் கிருமிநீக்கி ஆவியாவதும் அதற்கு மேலே சேர்பவை. 36 பாகைக்குக் கீழே போனால் அதைத் தாழ்வெப்பநிலை என்கிறார்கள்.

உடம்பு சும்மா விடாது, தசைகளை நடுக்கிச் சூடு உண்டாக்கப் பார்க்கும். ஆனால் மார்பு மட்டத்துக்குக் கீழே எல்லாம் விறைப்பு. நடுங்கக்கூடியவை தாடையும் தோளும் கையும்தான். (நடுக்கம் எல்லாமே குளிரால் வருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.) இன்னொரு விசித்திரமும் உண்டு: விறைத்த காலில் இருந்து குளிர்ச் செய்தி மூளைக்குப் போகாததால், வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே சில தாய்மார் "எனக்குக் குளிரேல்லை" என்பார்கள். அதனால் கேட்டால் போதாது, வெப்பமானி வைத்து அளந்துதான் பார்க்கவேண்டும்.

நடுக்கம் ஒட்சிசன் தேவையைக் கூட்டும், இரத்த அழுத்த அளவீட்டைக் குழப்பும். நடுங்கும் கையால் பிள்ளையை வாங்கி நெஞ்சில் அணைக்கவும் முடியாது. உள்வெப்பம் குறைந்தால் இரத்தம் உறைவதும் மந்தமாகும். பிள்ளையோ தாயின் உடம்பைவிட அரைப் பாகை கூடிய சூட்டில் இருந்து, ஈரத்தோடு வெளியே வருகிறது. பிரசவ அறை குறைந்தது 25 பாகையாவது இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பிள்ளையை நினைத்துத்தான். கவுணும் முகக்கவசமும் போட்டு விளக்கின் கீழ் நிற்கும் வைத்தியருக்கு அது புழுக்கம். இந்த இழுபறி எந்தத் தியேட்டரிலும் உண்டு.

சரி, என்ன செய்யலாம்? ஒரு துணிப் போர்வை வெளியேறும் சூட்டில் ஏறத்தாழ 30 வீதத்தைத் தடுக்கும். இரண்டாவது, மூன்றாவது போர்வையால் பெரிய இலாபம் இல்லை. போர்வை சூடு தராது, இருப்பதைக் காக்கும், அவ்வளவுதான். அறைவெப்பத்தில் இருக்கும் ஒரு லீற்றர் சேலைன் மட்டுமே உடம்பின் சராசரி வெப்பத்தைக் கால் பாகை இறக்கிவிடும். ஊசி போட்டதும் அழுத்தம் விழுவதால் சீசரில் சேலைன் வேகமாக ஏற்றுவார்கள். அதைச் சூடாக்கித்தான் ஏற்றவேண்டும். இரட்டைத் தாள் போன்ற போர்வைக்குள் குழாய் வழியே சூடான காற்றை ஊதும் கருவியும் இருக்கிறது. என் கணக்கில் இவற்றில் கெட்டிக்கார வழி, ஊசிக்கு முன்னரே 15 முதல் 30 நிமிடம் தாயைச் சூடாக்குவது. கை கால்கள் முதலே சூடாகிவிட்டால் மடை திறந்தாலும் உள்ளிருந்து ஓட அவ்வளவு இராது. நனைந்த பாத்தி எவ்வளவு தண்ணீரைத்தான் உறிஞ்சும்?

அம்மாவுக்கு இதெல்லாம் கேட்கப் பொறுமை இல்லை. பிளாஸ்கில் கொண்டுவந்த சுடுதண்ணியை வெறும் போத்தலில் ஊற்றி, துவாயால் சுற்றித் தங்கச்சியின் காலடியில் வைக்கப் போனார். தாதி பாய்ந்து வந்து தடுத்தார். விறைத்த காலுக்குச் சுட்டாலும் தெரியாது, தோல் வெந்தபிறகுதான் தெரியவரும். அதைவிட, ஏற்கெனவே சூடாகக் கிடக்கும் கால் அது. மிஞ்சிய சுடுதண்ணியில் அம்மா தனக்கொரு தேத்தண்ணி போட்டுக் குடித்தார்.