இன்கார்டினேஷன்: திருநிலைப் பிணைப்பு

ஒரு கத்தோலிக்கக் குருவின் நடத்தை பற்றிப் புகார் எழுகிறது. மக்கள் மறைமாவட்டத்தின் தலைவரான ஆயரின் இல்லத்துக்குப் போகிறார்கள். "அவர் துறவற சபைக்காரர், எங்கள் குரு அல்லர்" என்று பதில் வருகிறது. சபைத் தலைவருக்கு எழுதினால், "அவர் எங்களை விட்டு விலகிக்கொண்டிருக்கிறார், வேறொரு மறைமாவட்டத்தில் இருக்கிறார்" என்கிறார்கள். அந்த மறைமாவட்டமோ, "எங்களிடம் பரீட்சார்த்தமாகத்தான் இருக்கிறார்" என்கிறது. குற்றத்தைக் கேட்டு வந்த கோபத்தைவிட இந்த அலைக்கழிப்பில் வரும் கோபம் பெரிது. அப்படியானால் இவர் யாருடைய சாமியார்? திருச்சபைச் சட்டத்தில் இந்தக் கேள்விக்கென்றே ஒரு சொல் இருக்கிறது: இன்கார்டினேஷன். குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினர் காதில் அது விழுவதுதான் அரிது.

இன்கார்டினேஷன் என்பது திருத்தொண்டராகவோ (குருவுக்கு முந்திய படி) குருவாகவோ திருநிலை, அதாவது அபிஷேகம், பெற்ற ஒருவரை ஒரு மறைமாவட்டத்தோடோ, அதற்கு உரிமை பெற்ற துறவற சபையோடோ, அதுபோன்ற வேறோர் அமைப்போடோ சட்டப்படி கட்டிவைப்பது. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 265-ஆம் எண், இப்படிக் கட்டுப்படாமல் திரியும் குருக்களுக்கு அறவே இடமில்லை என்கிறது. இலத்தீன் மூலத்தில் அவர்களுக்கு ‘அசெஃபாலி’ என்று பெயர்: தலையில்லாதவர்கள். சட்டப் புத்தகத்தில் இவ்வளவு காரமான சொல்லை அதிகம் பார்க்க முடியாது. பிணைப்பு, திருத்தொண்டராகும்போதே தொடங்கிவிடுகிறது. மறைமாவட்டத்துக்காகத் திருநிலை பெறுபவர் அந்த மறைமாவட்டத்தோடும், இறுதி வார்த்தைப்பாடு (வாழ்நாள் முழுவதற்குமான துறவற உறுதிமொழி) கொடுத்த துறவி தம் சபையோடும் பிணைக்கப்படுகிறார்.

இதன் வேர் ‘கார்தோ’ என்ற இலத்தீன் சொல். கதவு சுழல்வதற்கு ஆதாரமான குடுமி அல்லது கீல் என்று பொருள். ‘இன்கார்தினாரே’ என்றால் குடுமியில் பொருத்துதல். ‘கர்தினால்’ என்பதும் இதே வேரில் பிறந்ததுதான். 6-ஆம் நூற்றாண்டு முடிவில் திருத்தந்தை பெரிய கிரகோரியின் கடிதங்களில் இந்தச் சொற்குடும்பம், ஒரு கோவிலுக்கெனத் திருநிலை பெற்றவரை வேறொரு கோவிலில் நிலையாக அமர்த்துவதைக் குறித்தது. இடம் மாறியவரைக் குறிக்க வந்த சொல்தான் பின்னாளில் இடம் விட்டு ஓடாதிருக்கும் கட்டுக்குப் பெயராயிற்று.

சொல்லைவிட விதி பழையது. 325-இல் ஆயர்கள் கூடிய நீசேயா சங்கம் ஆயரோ குருவோ திருத்தொண்டரோ நகர்விட்டு நகர் மாறக் கூடாது என்றது. 451-இல் கால்செதோன் சங்கம், இன்ன கோவிலுக்கு என்று குறிக்காமல் யாருக்கும் திருநிலை தரக் கூடாது என்றது. 1563-இல் திரிதெந்து சங்கம் அதையே மறுபடி வலியுறுத்தியது. ஒரே விதியை ஆயிரம் ஆண்டுக்கு மேல் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது என்றால், அதை எத்தனை பேர் காற்றில் பறக்கவிட்டிருப்பார்கள்!

தமிழில் என்ன சொல்வது? ‘பதிவு’ என்றால் ஏட்டில் பெயர் ஏறியதோடு முடிந்துவிடும். ‘இணைப்பு’ பரவாயில்லை. ஆனால் இரண்டு பங்குகளை, அதாவது கோவில் சமூகங்களை, ஒன்றாக்கினாலும் இணைப்பு, கணினியில் இருப்பதும் இணைப்பு. ‘பணியமர்த்தம்’ என்பது தவறே. ஒரு மறைமாவட்டத்தோடு பிணைக்கப்பட்ட குரு, தம் ஆயரின் அனுமதியோடு வேறு கண்டத்தில் பல ஆண்டு பணியாற்றலாம். அப்போதும் அவர் பழைய ஆயருக்கு உரியவரே, நியாயமான காரணம் இருந்தால் ஆயர் அவரைத் திரும்ப அழைக்கலாம். எனக்குச் சரியாகப் படுவது ‘திருநிலைப் பிணைப்பு’. பிணைத்தால் இரு முனையும் கட்டுப்படும்: குரு கீழ்ப்படிய வேண்டும், ஆயரோ சபைத் தலைவரோ அவருடைய வாழ்வுக்கு வழிசெய்து அவருக்காகப் பதிலும் சொல்ல வேண்டும். இதன் எதிர்ச்சொல்லான எக்ஸ்கார்டினேஷனைப் ‘பிணைப்பு விடுவிப்பு’ என்று சொல்லிவிடலாம்.

சிக்கல் ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்கு மாறும் இடைக்காலத்தில் இருக்கிறது. ஒரு துறவி வேறு சபைக்கு மாற வேண்டுமானால் இரு சபைகளின் உயர்தலைவர்களும் தத்தம் ஆலோசனைக் குழுவின் இசைவோடு அனுமதிக்க வேண்டும். புதிய சபையில் குறைந்தது 3 ஆண்டுகள் சோதனைக்காலம். அந்த ஆண்டுகளில் அவர் புதிய சபையின் ஒழுங்குப்படி வாழ்வார். பழைய சபையில் அவருக்கிருந்த உரிமைகளும் கடமைகளும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும், வார்த்தைப்பாடுகள் மட்டும் தொடரும். சபையை விட்டு மறைமாவட்டக் குருவாக விரும்புபவருக்கோ, அவரை ஏற்கும் ஓர் ஆயர் கிடைக்கும்வரை விலகல் அனுமதியே கிடையாது. அந்த ஆயர் அவரைப் பரீட்சார்த்தமாக ஏற்று 5 ஆண்டுகளுக்குள் மறுக்காவிட்டால், பிணைப்பு தானாகவே ஏற்பட்டுவிடும். மேலே சொன்ன மூன்று பதில்களும் இந்த இடைவெளியில் முளைப்பவை. மூன்றும் சட்டத்துக்கு முரணாகத் தோன்றாது, மக்களுக்கு மட்டும் விடை கிடைக்காது.

சட்டம் இதற்கு ஒரு காவல் வைத்திருக்கிறது. வேறு மறைமாவட்டக் குருவை ஏற்குமுன் அவருடைய வாழ்வு, ஒழுக்கம், படிப்பு பற்றி அனுப்பும் ஆயரிடமிருந்து ஏற்கும் ஆயர் சான்று பெற வேண்டும் என்கிறது 269-ஆம் எண். தேவைப்பட்டால் இரகசியமாகவும் பெறலாம் என்று அங்கேயே ஒரு சொல் சேர்த்திருக்கிறது. அந்தச் சான்றில் என்ன எழுதியிருந்தது, எழுதத்தான் பட்டதா என்பது புதிய பங்கின் மக்களுக்குத் தெரிய வழியில்லை. என் கணிப்பில் இந்தச் சட்டத்தின் மிகப் பலவீனமான இடம் இதுதான்.

அண்மையில் உலகமே இந்தச் சொல்லைக் கேட்டது மொசைக் கலைஞரும் இயேசு சபைக் குருவுமாக இருந்த மார்க்கோ ரூப்னிக் விவகாரத்தில். பெண்கள் பலர் அவர்மீது ஆன்மிக, உளவியல், பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகளைச் சுமத்தினார்கள். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டைப் பிடிவாதமாக மீறினார் என்று 2023 ஜூனில் இயேசு சபை அவரை நீக்கியது. சில மாதங்களில் ஸ்லோவேனியாவின் கோப்பர் மறைமாவட்டம் அவரைத் தன்னோடு பிணைத்துக்கொண்டது. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை என்பது அதன் வாதம். அக்டோபரில் செய்தி வெளியானதும் எதிர்ப்பு வெடித்தது. அதே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ், பழைய குற்றச்சாட்டுகளை விசாரிக்கவிடாத காலவரம்பை நீக்கி விசாரணைக்கு வழி திறந்தார்.

"சபையே விரட்டிய பிறகும் எப்படிப் பூசை வைக்க முடிகிறது?" என்று அப்போது பலர் கேட்டார்கள். சபையிலிருந்து நீக்கம் வேறு, குருத்துவ நிலை இழப்பு வேறு. நீக்கப்பட்டவரின் வார்த்தைப்பாடுகள் முடிந்துபோகும், ஆனால் குருநிலை போகாது. ஓர் ஆயர் ஏற்கும்வரை அல்லது அனுமதி தரும்வரை திருப்பணி செய்யத்தான் தடை (701-ஆம் எண்). எக்ஸ்கிளாஸ்ட்ரேஷன் என்பது இன்னொன்று: துறவி சபையை விட்டு விலகாமலே இல்லத்துக்கு வெளியே வாழப் பெறும் அனுமதி. ‘மடம்விட்டு வாழும் அனுமதி’ என்று நீட்டிச் சொன்னாலும் பரவாயில்லை, ‘விலகல்’ என்று சொல்லிக் குழப்ப வேண்டாம். உயர்தலைவர் இதை 3 ஆண்டு வரைதான் தரலாம் என்றிருந்தது. 2022-இல் 5 ஆண்டாக நீட்டப்பட்டது.

புகார் கொடுப்பவர் எந்த ஆயரிடம், எந்தத் தலைவரிடம் என்று மலைத்து நிற்க வேண்டியதில்லை. 2019-இல் வந்து 2023-இல் நிரந்தரமான, திருத்தந்தையின் ‘வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி’ ஆணையின்படி, சம்பவம் நடந்த இடத்தின் ஆயரிடமே பாலியல் அத்துமீறல் புகாரைக் கொடுக்கலாம். புகார் தந்தவரை வாய்மூடி இருக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நாட்டுச் சட்டப்படி காவல்துறைக்குப் போவதையும் இது தடுக்காது.

பிணைப்பைச் சரிபார்க்க ஒரு தாளும் உண்டு. அதற்குப் பெயர் செலபிரெத்: வெளியிலிருந்து வரும் குரு பூசை வைக்கத் தகுந்தவர் என்று அவருடைய ஆயரோ சபைத் தலைவரோ தரும் சான்று. ஓராண்டுக்குள் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். ‘திருப்பலிச் சான்று’ என்றால் எல்லாருக்கும் புரியும். பிரான்ஸ் ஆயர்கள் 2023-இல் இதை க்யூஆர் குறியீடு கொண்ட அட்டையாக மாற்றினார்கள். தடை எதுவும் இல்லையென்றால் திரையில் பச்சை, சில கட்டுப்பாடுகள் இருந்தால் ஆரஞ்சு, தடை இருந்தால் சிவப்பு.