சி மொழியிலிருந்து ஃபோர்ட்ரானை அழைத்தால் விடை ஏன் மாறுகிறது?

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “சி மொழியிலிருந்து லாபேக் நூலகத்தை அழைத்துச் சமன்பாடுகளைத் தீர்த்தேன். பிழைச்செய்தி ஏதும் இல்லை, விடை மட்டும் தவறு. சில அணிகளுக்குச் சரியாகவும் வருகிறது. ஏன்?”

சரியாக வந்தவை பெரும்பாலும் சமச்சீர் அணிகளாக, அதாவது கிடைவரிசைகளையும் நெடுவரிசைகளையும் இடம் மாற்றினாலும் மாறாத அணிகளாக, இருக்கும்.

லாபேக், அணிக் கணக்குகளுக்காக ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டு 1992இல் வெளிவந்த நூலகம். பைத்தானில் நம்பை என்ற எண்கணித நூலகம் கொண்டு சமன்பாடு தீர்த்தாலும் அடியில் வேலை செய்வது இதன் டிஜிஇஎஸ்வி (DGESV) என்ற செயற்கூறுதான். சி-யில் அதை அழைக்க, பெயரைச் சிற்றெழுத்தில் எழுதிக் கடைசியில் ஓர் அண்டர்ஸ்கோர் சேர்க்க வேண்டும். ஜிஃபோர்ட்ரான் கம்பைலரின் வழக்கம் அது. எட்டு உள்ளீடுகளையும், வெறும் 2 என்ற எண்ணாக இருந்தாலும், முகவரியாகவே தர வேண்டும். நிரலையும் நூலகங்களையும் இணைக்கும் லிங்க் கட்டத்தில் லாபேக் முதலில், அது சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான பிளாஸ் பிறகு. லிங்கர் பெயர் பொருந்துகிறதா என்று மட்டுமே பார்க்கும். என்ன தந்தோம், எத்தனை தந்தோம் என்று அது பார்ப்பதில்லை.

இப்போது எக்ஸ் + 2 ஒய் = 5, 3 எக்ஸ் + 4 ஒய் = 11 என்ற சமன்பாடுகளை எடுத்துக்கொள்வோம். விடை 1, 2. சி மொழி அணியைக் கிடைவரிசையாக அடுக்கும். நினைவகத்தில் 1, 2, 3, 4 என்று கிடக்கும். ஃபோர்ட்ரானோ நெடுவரிசையாகப் படிக்கும். அதன் கண்ணுக்கு முதல் நெடுவரிசை 1, 2. அடுத்தது 3, 4. ஆகவே எக்ஸ் + 3 ஒய் = 5, 2 எக்ஸ் + 4 ஒய் = 11 என்ற வேறு கணக்கைத் தீர்த்து 6.5, -0.5 என்று தருகிறது. பிழை உண்டா என்று சொல்லும் இன்ஃபோ என்ற உள்ளீட்டில் 0, அதாவது பிழை இல்லை. தனக்குக் கிடைத்த கணக்கை அது பிழையில்லாமல்தான் செய்திருக்கிறது.

எண்களை இடம் மாற்றி அடுக்கித் தந்தால் சரியாகிவிடும். ஆனால் எண்களைத் தொடாமலேயே இதைச் சமாளிக்கலாம் என்பதுதான் இந்தத் துறையின் பேரழகு. ஏ, பி என்ற இரு அணிகளைப் பெருக்க வேண்டும் என்று வையுங்கள். பிளாஸில் அணிகளைப் பெருக்கும் டிஜிஇஎம்எம்-ஐ (DGEMM) அழைக்கும்போது பி-யை முதலிலும் ஏ-வை இரண்டாவதாகவும் கொடுங்கள். ஃபோர்ட்ரானுக்கு இரண்டுமே இடமாற்று அணிகளாகத் தெரியும். இடமாற்றிய பி-யை இடமாற்றிய ஏ-ஆல் பெருக்கினால் வருவது ஏபி-யின் இடமாற்று அணி. பள்ளியில் படித்த விதிதான். அதை ஃபோர்ட்ரான் நெடுவரிசையாக எழுதி வைக்கும், நாம் கிடைவரிசையாகப் படிப்போம். கையில் இருப்பது ஏபி! ஓர் எண்கூட நகரவில்லை. அளவுகளையும் மாற்றித் தர மறக்கக் கூடாது: ஏ 3×5, பி 5×4 என்றால் 4, 3, 5 என்ற வரிசையில் கொடுங்கள். முன்னணி அளவுகள், அதாவது நினைவகத்தில் ஒரு வரிசையிலிருந்து அடுத்ததற்கு உள்ள தொலைவுகள், பி-க்கு 4, ஏ-வுக்கு 5, விடைக்கு 4.

சமன்பாட்டுக்கும் இதே வழி உண்டு. லாபேக்கின் டிஜிஇடிஆர்எஃப் (DGETRF) கொண்டு அணியைக் காரணிப்படுத்தி, தீர்வு காணும் டிஜிஇடிஆர்எஸ்-இடம் (DGETRS) இடமாற்றைக் குறிக்கும் ‘டி’ (T) என்ற எழுத்தைத் தந்தால், இடமாற்றியதை அது மறுபடி இடமாற்றித் தீர்த்துவிடும்.

எழுத்தைத் தரும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வோர் எழுத்து உள்ளீட்டுக்கும் அதன் நீளத்தை ஃபோர்ட்ரான் பட்டியலின் கடைசியில் மறைவாக எதிர்பார்க்கும். பலர் அதைத் தராமலேயே பல்லாண்டு ஓட்டினார்கள். ஜிஃபோர்ட்ரானின் புதிய பதிப்பு, நீளம் இருக்க வேண்டிய அந்த இடத்தைத் தன் வேலைக்குப் பயன்படுத்தத் தொடங்கியதும், அழைத்த நிரலின் ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகப் பகுதி சிதைந்தது. 2019இல் ஆர் என்ற புள்ளியியல் மொழியை உருவாக்குவோர் இதில் சிக்கினர். ஆகவே 1 என்ற நீளத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். ஜிஃபோர்ட்ரான் 8 முதல் அந்த நீளத்தின் வகை, சி-யில் அளவுகளைக் குறிக்கும் சைஸ்-டி (size_t).

லாபேக்-இ என்ற சி இடைமுகம் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். ஆனால் கிடைவரிசை என்று சொன்னால் இடமாற்றிய நகல் ஒன்றை எடுக்கும். 20,000 × 20,000 இரட்டைத் துல்லிய (எண்ணுக்கு 8 பைட்) அணிக்கு 3.2 ஜிகாபைட், நகலுக்கு இன்னொரு 3.2.

ஃபோர்ட்ரான் இன்றும் நம் அன்றாடத்தில் இருக்கிறது: சிங்கப்பூரின் மழை முன்கணிப்புக்கான சிங்-வி மாதிரியும், பிரிட்டனின் யூனிஃபைட் மாடல் என்ற வானிலை மாதிரி வழியாக, ஃபோர்ட்ரானில்தான் நிற்கிறது. புதிய கணினி வாங்க நிதி கிடைக்கும் அளவுக்கு இத்தகைய நூலகங்களைப் பராமரிப்பவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த மாணவிக்கு: சமச்சீர் இல்லாத அணியை வைத்தே சோதியுங்கள். ஏ-வை விடையால் பெருக்கி, வலப்பக்கத்தைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் ஏறக்குறைய சுழியாக இருக்க வேண்டும். அதற்கு ஏ, வலப்பக்கம் இரண்டையும் முன்கூட்டியே நகல் எடுத்து வையுங்கள். டிஜிஇஎஸ்வி ஏ-வின் மேல் காரணிகளையும் வலப்பக்கத்தின் மேல் விடையையும் எழுதிவிடும்.