குழந்தையின் தலையில் ஓட்டை போடுவதில்லை

போன வாரம் நள்ளிரவு. ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தலைப்பிரசவம். கர்ப்பவாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்திருந்தது. பனிக்குட நீரில் லேசாகக் குழந்தையின் மலம் கலந்திருந்தது, இதயத்துடிப்பைப் பதியும் சி.டி.ஜி. கருவியின் தாளில் குழந்தையின் துடிப்பு நடுநடுவே சரிந்தது. குழந்தைக்கு மூச்சு முட்டுகிறதா என்று அதன் தலைத் தோலிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன். "இன்னா டாக்டரம்மா, கொயந்த தலையில ஓட்ட போடப் போறீங்களா?" என்று வாசலிலேயே மறித்துவிட்டார் மாமியார். அந்தப் பெண் எனக்குத் தலையாட்டினாள்; அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

சிசேரியன்தான். எடுத்ததுமே குழந்தை வீறிட்டது. தொப்புள்கொடி ரத்தத்தில் அமிலத்தை அளக்கும் பி.எச். 7.29, நல்ல அளவு. அவசரமே இருந்திருக்கவில்லை. இப்படி எத்தனையாவது என்று எண்ணுவதை நான் விட்டு நாளாகிறது.

ஓட்டை கதைக்கு வருவோம். மூளைக்கும் இந்தச் சோதனைக்கும் சம்பந்தமில்லை. உச்சிக்குழியைத் தொடவே மாட்டோம். மண்டையோட்டுக்கு மேலே இருக்கும் தோலில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு கீறல், அதில் முத்துப்போல் திரளும் ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றிக்கொள்வோம், பஞ்சை வைத்து அழுத்துவோம். அவ்வளவுதான். திருப்பதியில் மொட்டை போடும்போது கத்தி படுகிற காயம் இதைவிடப் பெரிது. அங்கே யாரும் கையெழுத்து கேட்பதில்லை, சந்தனத்தைத் தடவி போட்டோ எடுத்துக்கொள்கிறீர்கள். "பச்சப் புள்ள ரத்தத்த உறிஞ்சுறாங்க" என்பவர்களுக்கும் பதில் இதுதான்: ஒன்றிரண்டு துளி. காசு பிடுங்கத்தான் என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன், சிசேரியனுக்கு ஆகும் செலவு என்ன?

சி.டி.ஜி. ராத்திரிக் காவல் நாய் மாதிரி. திருடனுக்கும் குரைக்கும், தபால்காரருக்கும் குரைக்கும். வந்தது யார் என்று பார்க்கத்தான் ரத்தம். குழந்தைக்கு மூச்சு முட்டினால் ரத்தத்தில் அமிலம் ஏறும், பி.எச். இறங்கும். பி.எச். 7.25-க்கு மேல் இருந்தால் காத்திருக்கலாம். 7.20-க்கு இறங்கிவிட்டால் உடனே வெளியே எடுக்க வேண்டும். இடையில் இருந்தால் அரை மணியில் மறுபடி பார்ப்போம். 1962-இல் பெர்லினில் எரிக் சாலிங் தொடங்கி வைத்த முறை. நேற்று முளைத்த வியாபாரம் இல்லை. எல்லா இடத்திலும் இந்த வசதி கிடையாது என்பதும், இதன் பயன் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு என்பதும் உண்மை. பல நேரம் குழந்தையின் தலையை விரலால் லேசாகத் தேய்த்துப் பார்ப்பேன். துடிப்பு துள்ளி ஏறினால் ரத்தமே வேண்டியதில்லை.

துடிப்பு இறங்கி ஏறவே இல்லையென்றால் இந்தச் சோதனையையே நான் கேட்க மாட்டேன். முடிவு வர பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் அப்போது கிடையாது. நேராக ஆப்பரேஷன் தியேட்டர்தான். அங்கேயும் வந்து "மாமாவுக்கு போன் போட்டுக் கேட்டுச் சொல்றோம்" என்றால் நான் கத்துவேன். கத்தியிருக்கிறேன்.

செக்கப் கார்டை மறக்காமல் கொண்டு வாருங்கள். தாய்க்கு எச்.ஐ.வி.யோ மஞ்சள் காமாலை பி வைரஸோ இருந்தால் இந்தக் கீறல் கூடாது, கிருமி குழந்தைக்குப் போகலாம். முப்பத்து நாலு வாரம் நிறையாத குழந்தைக்கும் செய்வதில்லை. வலி வருவதற்கு ஊசி என்று ஊரில் யாரிடமும் போட்டுக்கொண்டு வராதீர்கள். அந்த ஊசியாலேயே குழந்தைக்கு மூச்சு முட்டலாம். அசைவு குறைந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். கையெழுத்து பிரசவிக்கிற பெண்ணுடையது, அவள் பேசட்டும், கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து. பெண்ணின் அண்ணனுக்கோ தாய்மாமனுக்கோ சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காமல் போகும், மூட்டு வீங்கும் என்றால், அதை வெட்கப்பட்டு மறைக்காமல் ஐந்தாம் மாதச் செக்கப்பிலேயே சொல்லிவிடுங்கள். அந்த நோய் குழந்தைக்கும் இருக்கலாம், அப்போது இந்தக் கீறல் கூடாது. போன வருடம் ஒரு பாட்டி இதைச் சொன்னபோது என் கையில் கத்தி இருந்தது.