இயற்கை ஒதுக்கம்

இலங்கையின் மன்னார் நகருக்கு வடக்கே, பெருநிலக் கரையோரம், கண்டல் காடும் கடற்புல்லும் வற்று நேரத்தில் தலைகாட்டும் சேற்றுத்தரையுமாக விரிந்து கிடக்கும் பகுதி விடத்தல்தீவு. (பெயரில்தான் தீவு, ஊர் தரையில் இருக்கிறது. விடத்தல் ஒரு முள்மரம்.) 2016இல் இங்கே 29,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பை ‘இயற்கை ஒதுக்கம்’ என்று அறிவித்தார்கள். பேச்சில் பலரும் இதைச் சரணாலயம் என்றே சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி ஒதுக்கம் அரச காணியில் மட்டுமே அமையும். சரணாலயத்துக்குள் தனியார் காணியும் வரலாம். வீடும் வயலும் இருக்கலாம். மன்னார் மாவட்டத்திலேயே 2008இல் அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் அந்த வகை.

சொல்லுக்கு வருவோம். ஒதுங்கு, ஒதுக்கு என்ற வினையிலிருந்து வந்தது ஒதுக்கம். மழைக்கு ஒதுங்கினால் தஞ்சம். விதைநெல்லை ஒதுக்கி வைத்தால் நாளைக்கான சேமிப்பு. ஆளை ஒதுக்கி வைத்தால் விலக்கு! பழைய நூல்களில் நடை என்ற பொருளும் உண்டு, அது இங்கே வேண்டாம். வன்னிக் கமக்காரருக்கு இந்தச் சொல் புதிதே அல்ல. குளத்துக்கென்று விட்ட காணி ‘குளத்து ஒதுக்கு’. அதற்குள் ஒருவர் வேலியை நகர்த்தினால் அடுத்த கூட்டத்தில் கமக்கார அமைப்பு சும்மா விடாது.

சரணாலயம் வடமொழிச் சொல். சரணம், ஆலயம் என்று பிரியும். அதற்கு நேர்த் தமிழ் புகலிடம். ஆனால் நம்மவர் காதில் புகலிடம் என்றதும் கனடாவும் சுவிஸும்தான் வந்து நிற்கும். தமிழ்நாட்டில் புலிகள் காப்பகம் என்பது போல இங்கும் காப்பகம் என்று எழுதலாமே என்று கேட்பார்கள். இங்கே அது சிறுவர் காப்பகம், முதியோர் காப்பகம் என்று கூரை போட்ட கட்டடத்தையே காட்டும். கண்டலுக்கும் சேற்றுக்கும் ஒதுக்கம்தான் சரி.

கடலோரத் தொழிலாளிக்கு மட்டும் இந்தச் சொல் கொஞ்சம் உறுத்தும். பறவைக்குத் தஞ்சமாகக் கேட்பது அவருக்கு விலக்காகக் கேட்கிறது, ‘எங்களை ஒதுக்கிப்போட்டாங்கள்’ என்று. அந்தக் குறை சொல்லோடு தீராது. 2024இல் மீன், இறால் வளர்ப்புக்காக விடத்தல்தீவு ஒதுக்கத்தின் ஒரு பகுதியை விடுவிக்க வர்த்தமானி வந்தபோது விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது.